ராக்கிமுத்து விழுங்கியது

பொங்கியண்ணன் வாங்கிய புது லாரியின் கியர்பாக்ஸ் முதன்முதலாகப் பேசியபோது, பாவாயி லாரி ஸ்டாண்டின் மேலக்கோடிக் கொட்டகையில், மழைக்கு முன்னால் தைத்துக் கொடுத்தாக வேண்டிய தார்ப்பாய்களுக்கு நடுவே கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தாள். அதனால் அந்தப் பேச்சை எல்லோருக்கும் முன்னால் கேட்டவளும் அவள்தான், எல்லோருக்கும் முன்னால் ஆத்திரப்பட்டவளும் அவள்தான்.

எடைமேடையிலிருந்து லாரி உள்ளே திரும்பியது. முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு அது தானாக மாறிய இடத்தில், கேபினுக்கு அடியிலிருந்து, டிரைவர் ராக்கிமுத்துவின் அச்சு அசலான குரலில் ஒரு பேச்சு வந்தது. "யாரப் பாத்துடா சோத்துக்குச் செத்தவன்னு சொன்னே? நான் காத்தாலருந்து பச்சத்தண்ணி குடிக்காம வரிசையில நிக்கறேன், நீ பன்னத் தின்னுபோட்டு உக்காந்துட்டு என்னச் சொல்றயா?" மேலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த ராக்கிமுத்துவின் வாய் தைத்தது போல மூடியிருந்தது. எடைமேடைக்காரன் அவனை அப்படிச் சொன்னதும் உண்மை, அவன் பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு வந்ததும் உண்மை.

இது எப்படி நடந்தது என்று ஸ்டாண்டில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பழைய லாரியில் கை கியர். ஏச்சு வாங்கிய டிரைவர் கிளட்சை ஓங்கி மிதிப்பான், கியர்க் குச்சியை அடித்துத் தள்ளுவான், அது கறமுற என்று கத்தும், அவன் கோபம் அதோடு போய்விடும். புது லாரியிலோ கிளட்ச் கிடையாது, கியர் தானாகவே மாறிக்கொள்ளும், இடது காலுக்கும் இடது கைக்கும் சொந்தமாக ஒரு வேலையும் கிடையாது. அப்படியிருக்க விழுங்கிய பேச்செல்லாம் வேறு எங்கேதான் போகும், கீழே இறங்கி எண்ணெயில் கலந்துவிட்டது என்று டீக்கடையில் சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டிவிட்டு அடுத்த டீயைச் சொன்னார்கள்.

அதிலும் ராக்கிமுத்து விழுங்குவதில் பேர்போனவன். தங்கமான மனுசன் என்று ஊர் அவனுக்குப் பட்டம் கொடுத்திருந்தது. முதலாளி திட்டினால் சரிங்க, செக்போஸ்ட்டில் தள்ளிவிட்டால் சரிங்க, லோடு இறக்குகிற இடத்தில் நாயைப் போல வெயிலில் நிற்க வைத்தால் அதற்கும் சரிங்க. அந்தப் பட்டத்தைக் கேட்டாலே பாவாயிக்கு உடம்பெல்லாம் எரியும்.

எரியக் காரணம் இருந்தது. அவள் புருசன் செங்கோடனும் பொங்கியண்ணனிடம்தான் வண்டி ஓட்டினான். போன வருசத்துக்கு முந்தின வருசம், சிமெண்டு ஏற்றிக்கொண்டு கணவாய் இறக்கத்தில் வந்தவன் வண்டியோடு பாறையில் மோதிச் செத்தான். குடித்துவிட்டு ஓட்டினான் என்று போலீசுக்குப் போன வாக்குமூலம், அவனுக்குப் பின்னால் இன்னொரு லாரியில் வந்த ராக்கிமுத்துவுடையது. செங்கோடன் கல்யாண வீட்டுச் சாப்பாட்டில்கூட கலர் சோடா வேண்டாம் என்று மோர் கேட்கிற ஆள். பாவாயி ராக்கிமுத்துவின் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் செத்த டிரைவரின் போட்டோவைச் சங்கக் கட்டிடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். ஆயுத பூசை அன்று லாரிகளுக்குப் போடும் முன்னால் அந்தப் போட்டோக்களுக்கு மாலை போடுவார்கள். குடித்துவிட்டுச் செத்தவனுக்குச் சுவரில் இடம் கிடையாது. செங்கோடனின் போட்டோ, கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்தது, பாவாயியின் தார்ப்பாய்க் குவியலுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. அதை அந்தச் சுவரில் பார்க்காமல் தன் கட்டை வேகாது என்று அவள் சொல்லிவைத்திருந்தாள்.

ஆகவே கியர்பாக்ஸ் பேசியதும் அவளுக்கு வந்த முதல் நினைப்பு இதுதான்: எடைமேடைக்காரனுக்குச் சொல்லாததை வைத்திருக்கிற பெட்டி, போலீசிடம் சொல்லாததையும் வைத்திருக்கும்.

முதலாளி பொங்கியண்ணன் மெக்கானிக் சிங்காரத்தைக் கூப்பிட்டார். சிங்காரம் எந்த வண்டிக்கும் கேட்கிற கேள்விகளையே இதற்கும் கேட்டார். "நிக்கறப்ப வருதா, ஓடறப்ப வருதா? எடுத்ததும் வருதா, சூடானப்புறம் வருதா? ஏத்தத்துல வருதா, ரிவர்ஸ்ல வருதா?" எண்ணெய்க் குச்சியை உருவி, விரலில் தேய்த்து, மோந்து பார்த்தார், எண்ணெய் செக்கச்செவேலென்று இருந்தது, தீய்ந்த வாடை இல்லை. பிறகு மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்து, நீள ஸ்குரூ டிரைவரின் முனையைக் கியர்பாக்ஸின் வயிற்றில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். வெளியே வந்து கையைத் துடைத்தபடி, "பேரிங் இல்லீங்க, ராக்கிமுத்துதானுங்க" என்றார். கம்பெனியிலிருந்து வந்த பையன் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் காட்டவில்லை, இது வழக்கமான சத்தம்தான் சார் என்று சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான்.

வண்டியில் கூடப் போய்ப் பார்த்துச் சிங்காரம் கண்டுபிடித்தது இவ்வளவு: வண்டி நின்றுகொண்டிருந்தால் பல்லை நறநறவென்று கடிக்கிறது, ரிவர்ஸில் முதலாளியைத் திட்டுகிறது, முதல் கியரில் சில்லறைச் சண்டை, இரண்டாவதில் செக்போஸ்ட், மூன்றாவதில் லோடு ஏஜெண்டுகள், நான்காவதில் ராக்கிமுத்துவின் மச்சான்மார், கியர் ஏற ஏறப் பெரிய பேச்சாக வருகிறது. ஐந்தாவதில் அவன் அம்மா செத்த அன்றைக்கு லோடை இறக்கிவிட்டுப் போ என்று சொன்ன முதலாளிக்கு அவன் சொல்லாத பதில் இருந்தது, அதைக் கேட்டால் கல்லும் கரையும். ஆறாவதை யாரும் கேட்டதில்லை. ஸ்டாண்டுக்கும் சிமெண்டு ஆலைக்கும் நடுவில் இருக்கிற குண்டும் குழியுமான ரோட்டில் ஆறாவது கியர் விழ வழியில்லை. ஆறாவதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் சிங்காரம் பேச்சை மாற்றினார். முதலாளியோ அன்றைக்கே உத்தரவு போட்டார்: வண்டி அம்பதைத் தாண்டக் கூடாது, டீசல் குடிக்கிறது.

டீசலாம். பாவாயி ஊசியைத் தார்ப்பாயில் குத்திய வேகத்தில் அது மறுபக்கம் வந்து தொடையில் இறங்கியது.

ஊர் அந்த லாரியைச் சீராட்டத் தொடங்கியது. அது வருகிற நேரம் பார்த்து டீக்கடைக்காரர் வடைச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்; மாமியாரிடம் வாய் திறக்க முடியாத மருமகள்கள் தண்ணீர்க் குடத்தோடு ரோட்டோரம் நின்று, இரண்டாவது கியரில் அது செக்போஸ்ட்காரனுக்குக் கொடுத்த பதிலைத் தங்கள் மாமியார்களுக்கே கொடுத்ததாக நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்; பங்காளிச் சண்டையில் தோற்றவர்கள் ராக்கிமுத்துவைக் கெஞ்சி, எதிராளி வீட்டு வாசலில் வண்டியை மூன்றாவது கியரில் ஓட்டச் சொன்னார்கள்; பிள்ளைகள் கெட்ட வார்த்தை கற்றுக்கொள்கிறார்கள் என்று தலைமையாசிரியர் வந்து குறைப்பட்டு, பள்ளிக்கூடத்தைத் தாண்டும் வரை நியூட்ரலில் உருட்டிக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார், பல்லைக் கடிப்பதை மட்டும் பிள்ளைகள் கேட்கலாம் என்றார்; வெள்ளிக்கிழமை பம்பருக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறின; எலுமிச்சை மாலை ஏறியது; பேச்சு வராத குழந்தையைத் தூக்கிவந்து கியர்பாக்ஸுக்கு நேராகக் காட்டிவிட்டுப் போனார்கள். ஸ்டாண்டு டிரைவர்கள் தினமும் சாயந்திரம் சுற்றி நின்று, லாரி ரிவர்ஸில் வந்து முதலாளியைக் கிழிகிழியென்று கிழிப்பதைக் கேட்டு, அப்படிப் போடு என்று தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு ஒவ்வொருவராக ஆபீசுக்குப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, சரிங்க முதலாளி, நாளைக்கு விடியறதுக்குள்ள எடுத்தர்றனுங்க என்றார்கள்.

இதைத்தான் பாவாயியால் தாங்க முடியவில்லை. இத்தனை வாய் ஊரில் இருக்கும்போது ஒரு இரும்புப் பெட்டி எதற்குப் பேச வேண்டும்? அதைக் கும்பிட வேறு வேண்டுமா? திட்டு வாங்குகிறவனும் கைதட்டுகிறான், திட்டுகிறவனும் தூங்கப் போகிறான், ஒருத்தனுக்கும் ஒன்றும் குறையவில்லை. முதலாளிக்குக்கூட ரிவர்ஸ் பேச்சு பழகிப்போய், என்னய்யா இன்னைக்குச் சுருதி குறைவா இருக்குது என்று கிண்டலடிக்கத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் உச்சி வெயிலில், லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக நின்ற லாரியின் படியில் கால் வைத்து ஏறி, அவள் ராக்கிமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஆறாவது கியரப் போடு."

"நான் எங்க அம்மணி போடறது? அது தானா உழுகோணும்."

"அப்ப உழுகற ரோட்டுக்குப் போ. பைபாசுக்குப் போ."

"மொதலாளி அம்பதுக்கு மேல…"

"உன்ற மொதலாளி எதுக்குப் பயப்படறான்னு உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எம்புருசன் பேரு அந்த ஆறாவது கியர்ல கெடக்குது. எடு வண்டிய."

ராக்கிமுத்து வழக்கம்போல எதையோ விழுங்கினான். வண்டி பல்லைக் கடித்தது. ஆனால் எடுத்தான்.

பைபாஸில் ஏறினார்கள். எடைமேடைக்காரன் வந்தான், போனான். செக்போஸ்ட் வந்தது, போனது. ஏஜெண்டுகளும் மச்சான்மாரும் வரிசையாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஐந்தாவது விழுந்ததும் அம்மாவைப் பற்றிய பேச்சு எழுந்தது. ராக்கிமுத்துவின் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. முள் அறுபதைத் தொட்டது, எழுபதைத் தொட்டது. அவள் டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து காதைக் கீழே கொடுத்தாள். ஆறாவது கியர் விழுந்தது.

ஒன்றும் வரவில்லை.

ஒரு முனகல் இல்லை, ஒரு பல்கடிப்பு இல்லை. வாங்கிய நாளிலிருந்து அந்த லாரி அவ்வளவு சுகமாக ஓடியதில்லை. டயரின் சத்தமும் காற்றின் சத்தமும் மட்டும் கேட்டன. ஊத்துக்காடு தாண்டியது, காற்றாலைகள் தாண்டின, ஒரு டோல்கேட்டின் தகர நிழல் தாண்டியது. கியர்பாக்ஸ் ஊமையாகவே இருந்தது.

"என்னண்ணா இது? அன்னைக்கு ஸ்டேசன்ல நீ முழுங்குனது எங்க?"

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "முழுங்கவே இல்ல அம்மணி."

"அப்படின்னா?"

"முழுங்கறதுக்கு வாய் வரைக்கும் ஒரு பேச்சு வரோணுமல்ல? வரல. செங்கோடன் குடிச்சிருந்தான்னு சொல்லீருன்னு மொதலாளி சொன்னாரு. சரிங்கன்னேன். உள்ளுக்குள்ளயும் சரிங்கன்னுதான் இருந்துது. கோவமே வரல அம்மணி. டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சேன்."

பாவாயிக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் ஆத்திரம் வந்தது. ஆறாவது கியர் காலியாக இருந்ததால் அவள் பேசினாள். பைபாஸ் முழுக்கப் பேசினாள். தங்கமான மனுசன் என்ற பட்டத்தை எடுத்துக் கிழித்தாள், அதைக் கொடுத்த ஊரைக் கிழித்தாள், எடைமேடைக்காரன் சொன்ன ஒரு சொல்லுக்கு இத்தனை ரோசம் வைத்திருந்தவனுக்குக் கூட உண்டவன் சாவுக்கு ஒரு சொட்டு ரோசம் எழவில்லையா என்று கேட்டாள். "உன்ற சோத்துக்குச் சொன்னா உனக்குச் சுடுது. எம்புருசன் செத்தது உனக்குச் சுடவே இல்லையாடா?" அண்ணன் என்பது போய் அடா வந்துவிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ராக்கிமுத்து வண்டியை ஓரம் கட்டினான். "சுடுது இப்ப" என்றான். "முன்னால போனவன் பிரேக்கு லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது. மிதிச்சு மிதிச்சுப் பாத்துருக்கறான், புடிக்கல. கைய வெளிய நீட்டி எனக்குத் தள்ளி நில்லு தள்ளி நில்லுன்னான். எதுக்க ஒரு பஸ்ஸு முக்கீட்டு ஏறி வந்துது. ஸ்டியரிங்க ஒடிச்சுப் பாறையில உட்டான். வேணும்னேதான் உட்டான் அம்மணி. அவன் கையி வெளிய ஆடிட்டே இருந்தத நான் பாத்தேன்."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தி எறிந்துவிட்டு, "இத வண்டிக்கிட்டச் சொல்லிக் கெடுத்துறாத. நாளைக்கு ஆயுத பூசை. எல்லாரும் இருப்பாங்க. வாயால சொல்லு" என்றாள்.

அவன் வாயால் சொன்னான். வாழைக்கன்று கட்டிய லாரிகள் வரிசையாக நின்றன, ஸ்பேனரும் ஜாக்கியும் சந்தனப் பொட்டோடு பலகையில் அடுக்கியிருந்தன, எல்லா வண்டிச் சாவிகளும் சாமி முன்னால் ஒரு தாம்பாளத்தில் கிடந்தன, ஊரே கையில் பொரிகடலையோடு நின்றது. போட்டோக்களுக்கு மாலை போட முதலாளி கற்பூரத் தட்டை எடுத்த நேரத்தில் ராக்கிமுத்து முன்னால் வந்து, பைபாஸில் சொன்னது அத்தனையும் திக்கித் திக்கிச் சொல்லி, பொய் சொன்னவன் நான்தானுங்க, சொல்லச் சொன்னவர் இவருங்க என்று முடித்தான்.

பொங்கியண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சிரித்தார்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டயா ராக்கிமுத்து? குடிச்சிருக்கறான்யா. கூட்டிட்டுப் போய்ப் படுக்க வெய்யுங்க."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இரும்புப் பெட்டி பேசியபோது எலுமிச்சை மாலை போட்டவர்கள்தான் சிரித்தார்கள். பொரி மென்ற வாயோடு சிரித்தார்கள்.

அப்போதுதான் லாரிகள் உறுமின. சாவிகள் தாம்பாளத்தில் கிடந்தபடியே கிடக்க, எஞ்சின் ஒன்றுகூட ஓடாமல் இருக்க, கை கியர் வைத்த பழைய வண்டிகள், இத்தனை வருசம் வாயில்லாமல் இருந்தவை, வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அடிவயிற்றிலிருந்து உறுமி, தங்கள் தங்கள் டிரைவர்களின் குரலில் பேசத் தொடங்கின. செங்கோடன் குடிக்க மாட்டாண்டா என்றது ஒன்று. எனக்கு அன்னைக்கே தெரியும் என்றது இன்னொன்று. நாளைக்கு எனக்கும் இதைத்தான் சொல்லுவே என்றது மூன்றாவது. வாழைக்கன்றுகள் ஆடின. டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தரையைப் பார்த்து நின்றார்கள். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். யாரோ தேங்காயைத் தேடினார்கள்.

பாவாயி பலகையிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தாள். அதன் சந்தனம் அவள் கையில் அப்பியது. நேரே போய் முதல் லாரியின் பம்பரில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"மூடுங்கடா வாய! உங்களை யாரு கேட்டா?"

லாரிகள் அடங்கின. அவள் ஆட்கள் பக்கம் திரும்பினாள்.

"இரும்பு பேசுனது போதும். அதுக்கு ஒரு மாலை, அதுக்கு ஒரு குங்குமம், அதக் கேட்டுட்டு ஊட்டுக்குப் போய் நல்லாத் தூங்குவீங்க. தெரியும்னு சொல்லுச்சல்ல உங்க வண்டி? தெரிஞ்சவன் வாயத் தொறந்து சொல்லு. நான் நிக்கறேன். நான் குடிச்சிருக்கறனான்னு வேணும்னா மோந்து பாத்துட்டுச் சொல்லு."

முதலாளியின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க நிற்க, அத்தனை பேருக்கும் நாக்கு இருக்க, அவள் ஒருத்தி ஸ்பேனரோடு நின்றாள்; யாருமே பேசப்போவதில்லை, இந்த ஊர் இப்படித்தான், இது உருப்படாது என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகும் நின்றாள்.

கற்பூரம் அணைகிற நேரத்தில் சிங்காரம் தொண்டையைக் கனைத்தார்.

"பிரேக்கு லைனர் ரிவெட்டு வரைக்கும் தேஞ்சு போயிருந்துதுங்க" என்றார். முதலாளியைப் பார்த்தே சொன்னார். "செங்கோடன் வண்டி டிரம்மக் கழட்டிப் பாத்தவன் நான்தான். பிரேக்குப் புடிக்காது, வண்டிய வெளிய உடாதீங்கன்னு உங்ககிட்டச் சொன்னேன். இந்த ஒரு நடை போயிட்டு வரட்டும்னீங்க. சரிங்கன்னு மறுபடி மாட்டிக் குடுத்ததும் நான்தான். அவன் குடிக்கலீங்க. எந்த ஸ்டேசன்லயும் வந்து சொல்றேன்."

"யோவ் சிங்காரம்…" என்று முதலாளி ஆரம்பித்தார். அதற்குள் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒருத்தன், பொரியைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கும் அதே ஒரு நடைதான் சொன்னாருங்க, போன வாரம்" என்றான். இன்னொருத்தன் பேசினான். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின, திக்கின, உடைந்தன. அழகாக ஒருவரும் பேசவில்லை. லாரிகள் சத்தம் போடாமல் நின்றன. புது லாரிகூட அன்றைக்குப் பிறகு பல்லைக் கடித்ததில்லை. அதற்காகப் பாவாயியைத் திட்டிய மருமகள்கள் ஊரில் உண்டு.

பாவாயி கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாய்க் குவியலுக்கு அடியிலிருந்து துண்டைப் பிரித்துப் போட்டோவை எடுத்துவந்தாள். முதலாளி கையை நீட்டினார், சங்கத் தலைவர் அவர்தானே. அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். ராக்கிமுத்து சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்; அவனையும் கையால் தடுத்தாள்.

"நீ கடைசியா அடி" என்றாள். "மொதல்ல அவரு."

சிங்காரம் ஆணியைச் சுவரில் வைத்து அடித்தார். கொஞ்சம்தான் இறங்கியது. சுத்தியலை அடுத்தவனிடம் கொடுத்தார், அவன் ஒரு அடி அடித்துவிட்டு அவனுக்கு அடுத்தவனிடம் கொடுத்தான். வாய் திறந்து சொன்னவனுக்கு மட்டும்தான் சுத்தியல் போயிற்று. எல்லோருக்கும் கடைசியில் ராக்கிமுத்து அடித்தான், அழுதுகொண்டே அடித்தான், தேவைக்கு மேலேயே அடித்தான், சுவரில் காரை பெயர்ந்து உதிர்ந்தது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது, எதனால் வருகிறது என்று ஸ்டாண்டில் யாரும் சிங்காரத்தைக் கேட்கவில்லை.